ஒரு கதைக்கு எத்தனை கிலோ மாங்காய்?

கிலோ 12 ரூபாய். இந்தக் கட்டுரையில் வரும் கணக்கு எல்லாவற்றுக்கும் இதுதான் படிக்கல். 2025 பருவத்தில் சித்தூர்ப் பக்கத்துத் தோத்தாபுரி மாங்காய்க்குக் கூழ் ஆலைகள் 8 ரூபாய் கொடுக்க வேண்டும், அரசு 4 ரூபாய் சேர்த்துத் தரும் என்று அறிவித்த விலை அது. அந்த எட்டும் பலருக்குச் சொன்னபடி கைக்கு வந்து சேரவில்லை. ஆலை வாசல்களில் டிராக்டர்கள் இரவு பகலாக வரிசையில் நின்ற வருஷம்.

அந்த ஜூலையில்தான் தங்கை எனக்குப் போன் செய்தாள். "அண்ணா, ஒரு தடவை வந்து இவளுக்குப் புத்தி சொல்லிட்டுப் போயேன்." இன்டர் (பன்னிரண்டாம் வகுப்பு) முடித்த மகள் இலக்கியம் படிக்கப் போகிறாளாம். எழுத்தாளர் ஆகப் போகிறாளாம். மாப்பிள்ளைக்கு நான்கு ஏக்கர் மாந்தோப்பு. காய் விலை போகாத வருஷத்தில் காதில் விழக்கூடிய சொல்லா அது?

போனேன். வாசல் திண்ணையில் எடைச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மூணு வருஷம் கதை படிச்சிட்டு வந்து என்ன வரும் மச்சான்? கணக்கு போட்டுச் சொல்லு."

முப்பது ஆண்டுகள் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். புத்தி சொல்லப் போன இடத்தில் கணக்கு எழுத உட்கார்ந்தேன். மாப்பிள்ளைக்குப் புரிகிற அளவு கிலோவும் டன்னும். அதனால் ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் மாங்காயும் எழுதினேன். கல்லூரிக் கட்டணத்தை இதில் சேர்க்கவில்லை. எந்தப் பாடம் எடுத்தாலும் அது உண்டு. இலக்கியம் என்ற ஒன்றைத் தேர்ந்தெடுத்ததால் வீட்டுக்கு ஏறும் சுமை எவ்வளவு, இறங்கும் வரவு எவ்வளவு என்பது மட்டுமே இங்கே கணக்கு.

செலவு 1: வழி

மகள் படிக்கப் போகும் கல்லூரி திருப்பதியில். சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் 70 கிலோமீட்டர். 2022 ஏப்ரல் 4 முதல் இவை இரண்டும் வேறு வேறு மாவட்டங்கள். அவள் தினமும் மாவட்டம் விட்டு மாவட்டம் போக வேண்டும். போக வர 140 கிலோமீட்டர். ஆண்டுக்கு 200 வேலைநாள் என்றால் 28,000. மூன்றாண்டில் 84,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு 40,075 கிலோமீட்டர். ஒரு பட்டம் வாங்குவதற்குள் இந்தப் பெண் பூமியை இரண்டு முறை சுற்றி முடித்திருப்பாள்.

கட்டணம் ஒரு வழிக்கு 100 ரூபாய் என்று முழு எண்ணாகப் போட்டேன். நாளுக்கு 200, ஆண்டுக்கு 40,000, மூன்றாண்டுக்கு 1,20,000 ரூபாய். அதாவது 10 டன் மாங்காய். நோட்டில் இந்த வரியை எழுதியதும் மாப்பிள்ளை எழுந்து தோப்புப் பக்கம் போய்விட்டார். தங்கை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 15 அன்று அந்த வரியை அடித்தேன். ஆந்திராவில் 'ஸ்திரீ சக்தி' திட்டம் அன்றுதான் தொடங்கியது. பல்லெ வெலுகு, எக்ஸ்பிரஸ் போன்ற அரசுப் பேருந்துகளில் மாநிலத்துப் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நடத்துநர் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு ஜீரோ டிக்கெட் கிழித்துத் தருகிறார். 10 டன் ஒரே நாளில் பூஜ்யமாயிற்று. பெண் படிப்பதற்குக் குறுக்கே நிற்பது பல வீடுகளில் கல்லூரிக் கட்டணத்தைவிடப் பேருந்துக் கட்டணம்தான் என்பதை இந்தக் கணக்கு எழுதும்போது நேராகப் பார்த்தேன். இதே ஊர்ப் பையன் ஒருவன் இதே படிப்புக்குப் போனால் அந்த 1,20,000 அவன் வீட்டுக் கணக்கில் அப்படியே நிற்கும். பாஸ் வாங்கிக் குறைக்கலாம், ஆனால் பூஜ்யமாக்க முடியாது.

பணம் போயிற்று, நேரம் நின்றது. ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. நாளுக்கு 3 மணி, ஆண்டுக்கு 600, மூன்றாண்டில் 1,800 மணி நேரம். இதில் பாதி நேரமாவது உட்கார இடம் கிடைக்கும் என்று வைப்போம்: 900 மணி. மணிக்கு 15 பக்கம் படித்தால் 13,500 பக்கம். 250 பக்கப் புத்தகமாகக் கணக்கிட்டால் 54 புத்தகங்கள். ஒரு நாள் அவளோடு நானும் அந்தப் பேருந்தில் போனேன். காணிப்பாக்கம் போகிற கூட்டம் இறங்கி ஜன்னலோரம் இடம் கிடைத்ததும் புத்தகத்தைப் பிரித்தாள். குலுக்கலில் வரி தவறாமல் இருக்க இடது கைச் சுட்டுவிரலை வரிக்கு வரி நகர்த்திக்கொண்டே வந்தாள். திருப்பதி வந்தபோது விரல் 22 பக்கம் தள்ளி இருந்தது. நான் போட்ட 15 குறைவுதான்.

செலவு 2: புத்தகமும் காகிதமும்

மாதம் 500 ரூபாய்க்குப் புத்தகம். 36 மாதத்துக்கு 18,000. மாங்காயில் 1,500 கிலோ.

நோட்டு: 200 பக்க நோட்டு ஒன்று 60 ரூபாய் என்று வாங்கினோம். மூன்றாண்டுக்கு 18 நோட்டு, 1,080 ரூபாய், 90 கிலோ. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. எழுதும் நோட்டுக்கு 12 விழுக்காடு இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அதுவும் இல்லை.

சென்னைப் புத்தகக் காட்சி: 1977 முதல் நடந்துவருவது, வழக்கமான கழிவு 10 விழுக்காடு. வருஷத்துக்கு ஒரு முறை போய்வர 1,000 ரூபாய் என்று மூன்று முறைக்கு 3,000. மாங்காயில் 250 கிலோ.

மொத்தம் 22,080 ரூபாய். மாங்காயில் 1,840 கிலோ. மூன்றாண்டுக்கும் சேர்த்து இரண்டு டன்னுக்குள். ஒரு டிராக்டர் லோடுகூட ஆகாது. மாப்பிள்ளை இந்த எண்ணை இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். "இவ்வளவுதானா?" என்றார். அவர் பயந்த பயத்துக்கு இது சின்ன எண்தான்.

அதற்கும் மேலே, ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கும் பணம் ஒன்று உண்டு. ஆந்திராவில் வீட்டு வரியோடு 8 விழுக்காடு நூலக வரி சேர்த்து வாங்குகிறார்கள். 1,500 ரூபாய் வரி கட்டும் வீடு நூலகத்துக்கு 120 ரூபாய் கட்டிவிடுகிறது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் வந்தபோது சித்தூர் அந்த மாகாணத்தில்தான் இருந்தது. வருஷா வருஷம் காசு கட்டிவிட்டு வாசலையே மிதிக்காத வீடுகள் எத்தனை! தங்கை வீடும் அப்படித்தான் இருந்தது. இப்போது தங்கை மகள் உறுப்பினர்.

இணையத்தில் இன்னொரு நூலகமும் இருக்கிறது. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. சங்க நூல்கள் முதல் நாட்டுடைமையான நூல்கள் வரை காசில்லாமல் படிக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் அப்படியே. எல்லையில் இருக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. சித்தூர்க் கடைவீதியில் தமிழ் வார இதழ் கிடைக்கும். புறநானூறு கேட்டால் கிடைக்காது.

புத்தகத்தின் விலை ஒருவருடைய வாழ்க்கையையே திருப்பும் என்பதற்கு இந்த மண்ணிலேயே சாட்சி உண்டு. சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1888இல் திருத்தணியில் பிறந்தார். 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்கு மாற்றப்படும்வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் அது. 1896இல் திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளியில் சேர்ந்தார். பிறகு வேலூர், பிறகு சென்னைக் கிறித்தவக் கல்லூரி. கையில் பணம் இல்லாத நேரம். அந்தக் கல்லூரியிலேயே படித்து முடித்த உறவினர் ஒருவர் தம் தத்துவப் பாடப் புத்தகங்களைக் கொடுத்தார். அதனால் தத்துவம் அவருடைய பாடம் ஆயிற்று. வேதாந்த அறநெறி பற்றிய ஆய்வேடு அச்சேறியபோது வயது 20. 'இந்தியத் தத்துவம்' முதல் தொகுதி 1923இல் வந்தது. இலக்கிய நோபல் பரிசுக்கு அவர் பெயர் 16 முறை பரிந்துரைக்கப்பட்டது. இவ்வளவுக்கும் முதல் வரி, இலவசமாக வந்த பழைய புத்தகக் கட்டு. புத்தகச் செலவை நான் 500 ரூபாய்க்குக் கீழே குறைக்காததற்கு இதுதான் காரணம். எந்தப் புத்தகம் எந்தப் பிள்ளையை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று யாருக்குத் தெரியும்?

செலவு 3: நாட்கள்

இனிமேல் வருவதுதான் பெரிய செலவு. இதில் ரூபாய் கிடையாது.

திருக்குறள் 1,330. ஒரு குறளுக்கு 7 சீர் என்றால் 9,310 சீர். நாளுக்கு ஓர் அதிகாரம் என்றால் 133 நாள்.

சங்கப் பாடல்கள் 2,381 என்பது வழக்கிலுள்ள எண். நாளுக்கு 5 என்றால் சுமார் 476 நாள்.

நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம் நாளுக்கு 10 பாசுரம் என்றால் 400 நாள்.

சிலப்பதிகாரம் 30 காதை, நாளுக்கு ஒன்றாக 30 நாள்.

கூட்டினால் 1,039 நாள். மூன்றாண்டுக்கு 1,095 நாள். நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தாலும் 56 நாள் மிச்சம். பேராசிரியர்களும் முழுதாகப் படித்திருக்கிறார்களா என்று நாம் பேசிக்கொள்ளும் நூல்களை ஒரு பட்டப்படிப்புக் காலத்துக்குள், தினமும் ஒரு மணி நேரத்தில், ஒரு பிள்ளை படித்துவிட முடியும். இந்த எண் எனக்கே புதிது. அறுபது வயது தாண்டி இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, இளமையில் நான் விட்ட 1,039 நாட்கள் கண்ணில் வந்து நின்றன.

தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வட எல்லையாகச் சொல்வது வேங்கட மலையை. அந்த மலையின் அடிவாரத்துக்குத்தான் அவள் தினமும் போய் வருகிறாள். ஆழ்வார்கள் பாடிய மலை. அதனால் 400 நாள் பிரபந்தத்தை முதலில் வைத்துக்கொள் என்றேன். "இல்ல மாமா, குறள்ல ஆரம்பிக்கறேன். அது பஸ்ஸுல நின்னுக்கிட்டே படிக்கலாம்" என்றாள்.

எழுத்தின் அளவு

படிப்பவர்கள் எல்லாரும் எழுத்தாளர்கள் ஆவதில்லை. எழுதுவதற்குத் தனிக் கணக்கு வேண்டும். இதற்குத் திருமலையைவிடப் பெரிய அளவுகோல் எங்கே இருக்கிறது? தாளப்பாக்கம் அன்னமாச்சாரியார் 1408இல் பிறந்து 1503இல் மறைந்தவர். 16 வயதில் தொடங்கி 32,000 சங்கீர்த்தனங்கள் பாடினார் என்பது மரபு. 79 ஆண்டுகள் என்றால் 28,835 நாள். நாளுக்கு ஒன்றுக்குச் சற்று மேல். அவை செப்பேடுகளில் வெட்டப்பட்டுக் கோயிலிலேயே கல்லால் ஆன ஓர் அறையில் பல நூற்றாண்டுகள் கிடந்தன. 20ஆம் நூற்றாண்டில் வெளியே வந்தன. இன்று கிடைப்பவை சுமார் 12,000 என்கிறார்கள். எழுதியதில் மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல்.

அதே மலையில் நாள்தோறும் பல்லாயிரம் பேர் சாப்பிடும் அன்னப்பிரசாதக் கூடத்துக்குத் தரிகொண்ட வெங்கமாம்பா பெயர். 1730 முதல் 1817 வரை வாழ்ந்த கவிஞர். பழைய சித்தூர் மாவட்டத்துத் தரிகொண்ட ஊர்க்காரர். இள வயதில் கணவரை இழந்து, ஊராரின் பேச்சைத் தாங்கி, மலைக்கு வந்து எழுதியவர். இலையில் சோறு விழும்போது எழுதியவள் ஒருத்தியின் பெயரைச் சொல்லும் இடம் இந்த ஊர் என்று தங்கையிடம் சொன்னேன். எத்தனையோ முறை அங்கே சாப்பிட்டவள், அந்தப் பெயர் யாருடையது என்று அன்றுதான் கேட்டாள்.

சாதாரண மனிதர்களின் அளவுக்கு வருவோம். 200 பக்கச் சிறுகதைத் தொகுப்பு ஒன்று. பக்கத்துக்கு 200 சொல் வைத்தால் 40,000 சொல். நாளுக்கு 250 சொல் எழுதினால் 160 நாள். நல்ல கதை முதல் தடவையில் வராது. இரண்டு முறை திருத்தி எழுதினால் மொத்தம் 480 நாள். நாளுக்கு 2 மணி நேரம் என்றால் 960 மணி.

கையெழுத்தில் பக்கத்துக்கு 100 சொல். 400 பக்கம் மூன்று முறை, 1,200 பக்கம், 6 நோட்டு. மேலே வாங்கிய 18இல் இவையும் அடங்கும்.

வரவு

புத்தகம்: விலை 250 ரூபாய், ராயல்டி 10 விழுக்காடு, விற்றது 500 படி என்று வைத்துக்கொண்டால் 12,500 ரூபாய். 960 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 13 ரூபாய்.

ஒரு மணி நேர எழுத்துக்கு ஒரு கிலோ மாங்காய் விலை!

இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். தங்கை மகள் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மறைத்துப் பயனில்லை. எழுத்தை மட்டும் நம்பி வீடு நடத்த முடியாது என்பதை 18 வயதில் எண்ணாகப் பார்ப்பது நல்லது; 30 வயதில் பசியாகப் பார்ப்பதைவிட நல்லது. அவள் ஒன்றும் பேசவில்லை. மாப்பிள்ளைதான் பேசினார். "நம்ம தோட்டத்திலயும் ஆள் கூலி, மருந்து, வாடகை எல்லாம் கழிச்சுப் பார்த்தா மணிக்கு அதுதான் மச்சான் நிக்கும். அதுக்காக மரத்தை வெட்டிட்டேனா?"

அடுத்த வரிகளை எழுதினேன்.

இளம் எழுத்தாளர் திட்டம்: 30 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நேஷனல் புக் டிரஸ்ட் நடத்தும் பிஎம்-யுவா. மாதம் 50,000 வீதம் ஆறு மாதத்துக்கு 3,00,000 ரூபாய். நூல் வந்தால் 10 விழுக்காடு ராயல்டி. 2021இல் தொடங்கிய முதல் சுற்றுக்கு 75 இடங்கள், 2025இல் அறிவித்த மூன்றாம் சுற்றுக்கு 50. நாட்டு மொழிகள் அனைத்துக்கும் சேர்த்துத்தான் இந்த எண். மாங்காயில் 25 டன்.

சாகித்திய அகாதெமி யுவ புரஸ்கார்: 2011 முதல் தருவது. 35 வயது வரை, 50,000 ரூபாய். 4,166 கிலோ. ஒரு மொழிக்கு ஆண்டுக்கு ஒருவர். 2011 கணக்கெடுப்பில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 6.90 கோடி. இதை வரவில் எழுதக் கூடாது. கிடைத்தால் மகிழ்ச்சி என்று ஓரத்தில் குறிக்கலாம்.

ஆய்வு உதவித்தொகை: இதுதான் முக்கியமான வரி. பட்டம் முடித்து எம்.ஏ. படித்து, நெட் தேர்வில் தமிழை எடுத்து ஜே.ஆர்.எஃப். பெற்றால், முதல் இரண்டாண்டு மாதம் 37,000, அடுத்த மூன்றாண்டு மாதம் 42,000. இது 2023 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள தொகை. 24 மாதத்துக்கு 8,88,000. 36 மாதத்துக்கு 15,12,000. கூட்டினால் சரியாக 24,00,000 ரூபாய். வீட்டு வாடகைப் படி தனி. மாங்காயில் 200 டன். வயது வரம்பு 30. பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு. தேர்வு கடினம், ஆனால் ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது. மேலே சொன்ன 1,039 நாளைச் செலவழித்தவர் அந்தத் தேர்வு அறைக்கு வெறுங்கையோடு போகமாட்டார்.

இதற்கெல்லாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. திருவேங்கடவன் பல்கலைக்கழகம் 1954இல், ஆந்திர மாநிலம் பிறந்த மறு ஆண்டிலேயே திருப்பதியில் தொடங்கியது. அங்கே தமிழ்த்துறை உண்டு. ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் 1983இல் வந்தது. குப்பத்தில் 1997இல் திராவிடப் பல்கலைக்கழகம் வந்தது. அங்கேயும் தமிழ் உண்டு.

இரண்டு மொழியின் வரவு

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு சொத்து இருக்கிறது. அதை யாரும் சொத்து என்று எழுதுவதில்லை. வீட்டில் தமிழ், வீதியில் தெலுங்கு, கல்லூரியில் ஆங்கிலம். 6.90 கோடிப் பேரின் மொழியையும் 8.11 கோடிப் பேரின் மொழியையும் பத்து வயதுக்குள் காசு கொடுக்காமல் கற்றுவிடுகிறார்கள். சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புக்குத் தனியாக 50,000 ரூபாய் விருது வைத்திருக்கிறது. தெலுங்கிலிருந்து தமிழுக்கு ஓல்காவின் கதைகளை 'மீட்சி' என்று கொண்டுவந்த கௌரி கிருபானந்தன் 2015இல் அதைப் பெற்றார். விருதுக்கு அப்பாலும், இரண்டு மொழியும் கலக்கமில்லாமல் எழுதத் தெரிந்தவருக்குப் பாடநூல், நீதிமன்றம், அறிவிப்பு, ஊடகம் என்று வேலை உண்டு.

காத்திருப்பின் கணக்கு

கடைசிச் செலவு இது. முதல் ஆசையிலிருந்து முதல் பெரிய நூல் வரைக்கும், அல்லது அந்த நூலை ஊர் ஏற்கும் வரைக்கும், எத்தனை ஆண்டு?

உ.வே. சாமிநாதையர் 17 வயதில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தார். சீவக சிந்தாமணி அச்சில் வந்தது 1887இல், 32 வயதில். 15 ஆண்டு. இடையில் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் 50 ரூபாய்ச் சம்பளத்தில் ஆசிரியர் ஆனார்.

இராதாகிருஷ்ணனுக்கு 20 வயது ஆய்வேட்டிலிருந்து 'இந்தியத் தத்துவம்' வரை 15 ஆண்டு. 1909 முதல் மாநிலக் கல்லூரி ஆசிரியர்.

மு. வரதராசன் வடஆற்காட்டுக்காரர், 1912இல் பிறந்தவர். தாலுகா அலுவலக எழுத்தராக இருந்தார். உடல்நிலை கெட்டு வேலையை விட்டார். தாமாகவே படித்து 1935இல் வித்துவான் தேர்வில் மாகாணத்தில் முதல்வராக வந்தார். திருப்பனந்தாள் மடத்தின் 1,000 ரூபாய்ப் பரிசு கிடைத்தது. 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழில் முனைவர் பட்டம். 1961இல் 'அகல் விளக்கு'க்குச் சாகித்திய அகாதெமி விருது. வித்துவான் தேர்விலிருந்து 26 ஆண்டு. முதலில் பள்ளியில், பிறகு பச்சையப்பன் கல்லூரியில் ஆசிரியர்.

மதுராந்தகம் ராஜாராம் 1930இல் சித்தூர் மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்த தெலுங்குச் சிறுகதையாளர். பாகாலாவை அடுத்த தாமலசெருவில் வாழ்ந்தார். மாங்காய் மண்டிக்குப் பேர்போன ஊர் அது. மாப்பிள்ளைக்கு அங்கே ஆட்கள் உண்டு. ராஜாராமின் கதைகளுக்கு 1993இல் அகாதெமி விருது வந்தபோது வயது 63. பள்ளி ஆசிரியர். 29 ஆண்டு கழித்து 2022இல் அதே விருது அவர் மகன் மதுராந்தகம் நரேந்திராவுக்குக் கிடைத்தது. நரேந்திரா திருப்பதியில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர்.

மேலே உள்ள நால்வரையும் எண்ணிப் பார்த்தேன். நால்வரும் ஆசிரியர்கள். நாலுக்கு நாலு. 15 ஆண்டு, 26 ஆண்டு என்று நீளும் காத்திருப்பை அவர்கள் மாதச் சம்பளத்தில் கடந்தார்கள். அந்தச் சம்பளத்தைக் கொடுத்ததும் அவர்கள் படித்த படிப்பேதான். இந்தக் கணக்கு முழுவதிலும் நான் கண்டுபிடித்தது இது ஒன்றுதான். படிப்பு சோறு போடும், எழுத்து உயிரோடு வைக்கும். இரண்டையும் ஒரே வரியில் எழுதிக் கூட்டப் பார்க்கும் வீடுகள்தான் பிள்ளையின் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்குகின்றன. இரண்டு வரியாக எழுதினால் கணக்கு நேராகிறது.

மாப்பிள்ளை தாமலசெருவு வரியில் விரலை வைத்தார். "அந்த வாத்தியாரா? பேர் கேட்டிருக்கேன்" என்றார். பிறகு மகளைப் பார்த்துச் சொன்னார்: "ஒட்டுக்கன்னு வெச்சாலே நாலஞ்சு வருஷம் ஆகும் காய் பார்க்க. படி போ."

முதல் ஆண்டு இருப்பு

கல்லூரியில் சேர்ந்தாள். குறள் முடிந்து சங்கப் பாடலில் இருக்கிறாள். கதைகளை நோட்டில் எழுதுவதில்லை. அப்பா தூக்கிப் போடும் பழைய எடைச் சீட்டுகளின் பின்பக்கத்தில்தான் முதல் வரைவு. முன்பக்கம் வண்டி எண், மொத்த எடை, வண்டி எடை, நிகர எடை. பின்பக்கம் கதை. திருத்தி முடித்ததுதான் நோட்டுக்குப் போகிறது. என் கணக்கில் நோட்டுச் செலவு இதனால் குறைகிறது.

மாப்பிள்ளை தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. தெலுங்குப் பள்ளியில் படித்தவர், கணக்கும் தெலுங்கில்தான் எழுதுவார். மகள் எழுதும் கதை ஒன்றையும் அவரால் வாசிக்க முடியாது. இந்த வரியை நான் கணக்கில் எழுத மறந்திருந்தேன். அவள் மறக்கவில்லை. சென்ற மாதம் ஒரு கதையை அவளே தெலுங்கில் எழுதி, 11 சீட்டுகளைக் குண்டூசி குத்தி அவரிடம் கொடுத்தாள். மண்டிக்குக் கிளம்பி நின்றவர் டிராக்டர்மேல் சாய்ந்தபடி முழுவதையும் படித்தார். வண்டி ஓட்டும் பையன் இரண்டு முறை கூப்பிட்டான். படித்து முடித்து, சீட்டுகளை மடித்து, பணம் வர வேண்டிய சீட்டுகள் இருக்கும் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

அன்று இரவு நோட்டில் வரவுப் பக்கத்தில் எழுதினேன்: மொழிபெயர்ப்பு 1. வாசகர் 1.